மேற்படிப்பில் வெயிட்டிங் லிஸ்ட்: காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது?





ரிசல்ட் மாதங்கள் வந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு இரண்டு வகையான பெற்றோர் வருவார்கள். சீட் கிடைத்து, கட்டணத்துக்கு உதவி கேட்டு வருபவர்கள் ஒரு வகை. சீட் கிடைக்கவில்லை, அடுத்து எங்கே முயலலாம் என்று கேட்டு வருபவர்கள் இன்னொரு வகை. சில ஆண்டுகளாக மூன்றாவது வகையும் வரத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் ஒரு தகப்பனார் வந்து உட்கார்ந்தார். "மகனுக்கு எம்.எஸ்ஸி. கிடைச்சிருச்சா?" என்று கேட்டேன். "கிடைச்ச மாதிரியும் இருக்கு, கிடைக்காத மாதிரியும் இருக்கு பாய். வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு வந்திருக்கு. வீட்ல யாருக்கும் சோறு இறங்கல" என்றார்.

முன்பெல்லாம் நம் பிள்ளைகள் இளங்கலையோடு நிறுத்திக்கொண்டார்கள், அல்லது படித்த கல்லூரியிலேயே முதுகலையும் சேர்ந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போது திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், அலிகர், ஜாமிஆ மில்லியா, ஐ.ஐ.டி.கள், இன்னும் சிலர் வெளிநாடு என்று விண்ணப்பிக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சியான மாற்றம். ஆனால் அந்தப் பட்டியல் எப்படி நகர்கிறது, அந்த நாட்களில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. முதன்முதலாக அந்தப் படியில் ஏறுகிற குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். அதனால்தான் இந்தக் கட்டுரை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டியல் எப்படி நகர்கிறது?

வெயிட்டிங் லிஸ்ட் என்றால் 'தகுதி இல்லை' என்று பொருள் அல்ல. இதை முதலில் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும். தகுதி இல்லாதவரைப் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்கள். 'நீ சேரத் தகுந்தவன், இப்போதைக்கு இடம் இல்லை' என்பதுதான் அதன் பொருள்.

இடம் எப்படி உண்டாகிறது? நன்றாக எழுதிய ஒரு மாணவர் ஐந்தாறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்திருப்பார். நான்கில் இடம் கிடைக்கும். சேரப்போவது ஒன்றில்தான். மற்ற மூன்று இடங்களும் காலியாகி, பட்டியலில் அடுத்து நிற்பவரிடம் போகும். அவரும் வேறு எங்காவது சேர்ந்திருந்தால் அதற்கடுத்தவர். இப்படித்தான் சங்கிலி நகர்கிறது. எனவே முதல் சுற்று முடிந்து கட்டணம் கட்டும் கடைசி நாள் தாண்டிய பிறகுதான் பெரிய அசைவு தெரியும். அதுவரை தினமும் பார்த்தாலும் ஒரே எண்தான் நிற்கும்.

நாம் எல்லோரும் ரயிலில் போனவர்கள்தானே. வண்டி புறப்படுகிற ஊரிலிருந்து எடுத்த டிக்கெட்டில் 20 என்று இருந்தும் உறுதியாகிவிடும். நடுவழி ஊரிலிருந்து எடுத்ததில் 6 என்று இருந்தும் பல நேரம் அப்படியே நிற்கும். ஒதுக்கீடு வேறு, வரிசை வேறு. படிப்பிலும் அப்படியே. 15 பேர் சேரும் படிப்பில் 10ஆம் எண்ணும், 60 பேர் சேரும் படிப்பில் 10ஆம் எண்ணும் ஒன்றல்ல. பல பல்கலைக்கழகங்கள் சென்ற ஆண்டுப் பட்டியல்களை இணையதளத்திலேயே விட்டு வைத்திருக்கின்றன. கடைசிச் சுற்றில் எந்த எண் வரை அழைத்தார்கள் என்று அதில் பார்த்தால் ஓரளவு நிலவரம் தெரியும். பக்கத்து வீட்டாரின் ஆறுதலை விட அது நம்பகமானது.

இங்கே நம் பிள்ளைகள் தவறவிடுகிற ஒரு விஷயம் உண்டு. பொதுப் பட்டியலில் 85 என்று பார்த்துவிட்டு மனம் உடைந்துபோகிறார்கள். ஓ.பி.சி. பட்டியலில் தன் எண் 9 என்பதைப் பார்ப்பதே இல்லை.

ஜாதிச் சான்றிதழ் விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆண்டுதோறும் இதில்தான் சீட் போகிறது.

தமிழ்நாட்டு அரசின் கல்வி நிலையங்களில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அதற்கு பி.சி.எம். சான்றிதழ் போதும், அது நம் எல்லா வீட்டிலும் பீரோவில் இருக்கும். மத்திய அரசின் கல்வி நிலையங்களில் அந்த 3.5 சதவீதம் கிடையாது. அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். ராவுத்தர், மரைக்காயர் உட்பட லெப்பைகள் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறார்கள். மற்றப் பிரிவினர் மத்தியப் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பீரோவில் இருக்கும் பி.சி.எம். சான்றிதழை அங்கே காட்டினால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில், 'கிரீமி லேயரில் வராதவர்' என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். எந்த வருமானத்தைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்பதற்கு விதிகள் உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். இந்தச் சான்றிதழ் அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கின்றன. போன ஆண்டு அண்ணனுக்கு வாங்கியது, மூன்று வருடம் முன்பு வாங்கியது எல்லாம் உதவாது.

ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் ஒப்புதல் வந்து கையில் கிடைக்க நாளாகும். வெயிட்டிங் லிஸ்டிலிருந்து அழைப்பு வந்தால் கொடுக்கும் அவகாசமோ இரண்டு மூன்று நாள்தான். அழைப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடினால் முடியாது. எனவே பிள்ளையின் பெயர் பட்டியலில் வந்த அன்றே, அல்ல, ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அதேபோல் டி.சி., புரொவிஷனல் சர்டிபிகேட், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதால் மைக்ரேஷன் சர்டிபிகேட். இவற்றை ஒரே கோப்பில் வைத்து, ஸ்கேன் செய்து மொபைலிலும் மெயிலிலும் போட்டு வையுங்கள்.

ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வொரு விதி

முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி.-பி.ஜி. 2022இல் தொடங்கியது. தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. சீட் கொடுப்பது அதுவல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்யச் சொல்லும். மதிப்பெண் வந்துவிட்டது, தானாக அழைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்து ஏமாந்த பிள்ளைகள் நம் மஹல்லாவிலேயே உண்டு.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வில் முறை வேறு. முடிவு வந்த பிறகு சேர்க்கைக்குத் தனியாக விண்ணப்பித்து, விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். பிறகு சுற்றுச் சுற்றாக ஒதுக்கீடு நடக்கும். ஓர் இடம் ஒதுக்கினால் மூன்று வழி: இதுவே போதும் என்று உறுதி செய்வது, இதை ஏற்றுக்கொண்டு மேலான விருப்பத்துக்குக் காத்திருப்பது, வேண்டாம் என்று விலகிவிடுவது. இரண்டாவது வழியை எடுத்தவருக்கு மேலான இடம் வந்தால் பழைய இடம் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. குறித்த நாளுக்குள் பதிலே சொல்லாமல் இருந்தால் அந்த ஆண்டு ஆட்டத்திலிருந்தே வெளியே போக வேண்டியதுதான். எனவே விருப்ப வரிசையை எழுதும்போதே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். மகளை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம் என்று இடம் கிடைத்த பிறகு சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். விருப்பமில்லாத ஊரை வரிசையில் போடாமலே இருக்கலாமே.

எம்.டெக். போகிறவர்களுக்கு கேட் மதிப்பெண். ஐ.ஐ.டி.களின் அழைப்புகள் ஒரு பொது இணையதளத்தில் வரும். 'ஏற்று உறுதி செய்', 'வைத்துக்கொண்டு காத்திரு', 'மறுத்துவிட்டுக் காத்திரு' என்று அங்கும் மூன்று பொத்தான்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் அமுக்கியவர்கள் உண்டு. கேட்டில் ஒரு நிம்மதி: மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். இந்த ஆண்டு தவறினாலும் அடுத்த ஆண்டு அதையே வைத்து விண்ணப்பிக்கலாம். ஜாமில் அது இல்லை.

அலிகரில் தேர்வானவர்கள் பட்டியலுக்குக் கீழே 'சான்ஸ் மெமோ' என்று ஒரு பட்டியல் வரும். அதுவும் காத்திருப்போர் பட்டியல்தான். பெயர் வேறாக இருப்பதால் சிலர் அதைத் தேர்வானதாகவே எண்ணி ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள்.

வெளிநாட்டு விஷயத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் அமெரிக்காவில் பி.எச்டி. சேர்ந்தபோது அறிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். அங்கே பெரும்பாலும் வரிசை எண் கிடையாது. உதவித்தொகையோடு இடம் பெற்றவர்கள் ஏப்ரல் 15ஆம் தேதி வரை பதில் சொல்ல அவகாசம் தருவதாக அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆகவே அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும்தான் பட்டியல் அசையும். மார்ச் மாதத்தில் பதில் வரவில்லையே என்று கலங்க வேண்டாம். 'எனக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது, இடம் வந்தால் சேருவேன்' என்று துறைக்கு ஒரு சிறிய, மரியாதையான மெயில் அனுப்பலாம். இடையில் ஏதாவது புதிய மதிப்பெண், கட்டுரை, பரிசு கிடைத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதலாம். வாரம் ஒரு மெயில் அனுப்பித் தொந்தரவு செய்யக்கூடாது. நம் நாட்டு மதிப்பெண் பட்டியலில் இப்படி எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. அங்கே எண்தான் பேசும்.

கையில் இருக்கும் சீட்டை விடலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. உள்ளூர்க் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பெரிய பல்கலைக்கழகத்தில் வெயிட்டிங் லிஸ்ட். உள்ளூரில் கட்டணம் கட்டினால் அந்தப் பணம் போய்விடுமே?

என் அபிப்பிராயம்: கட்டிச் சேர்ந்துவிடுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி யு.ஜி.சி. 2018இல் தெளிவான அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்னதாகவோ விலகினால், சிறு தொகை கழித்து முழுவதும் திருப்பித் தர வேண்டும். கடைசித் தேதி நெருங்கிவிட்டால் 90 சதவீதம், அது கழிந்த பிறகு 80, 50 என்று குறையும். கடைசித் தேதி கழிந்து 30 நாளுக்கு மேல் ஆனால் ஒன்றும் கிடைக்காது. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான அறிவிப்பும் வந்திருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1000 ரூபாய் மட்டும் கழித்துத் தர வேண்டும் என்று சொன்னார்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே அறிவிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக்கூடாது. இது எழுத்தில் இருக்கிறது; நடைமுறையில் 'டி.சி. தர மாட்டோம், மூன்று வருடக் கட்டணமும் கட்டு' என்று மிரட்டுகிற இடங்களும் இருக்கின்றன. அப்படி நேர்ந்தால் வாய்ச்சண்டை வேண்டாம். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். நம் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை எழுதித் தருகிறோம்.

வீட்டுக்குள்ளே

இத்தனையும் காகித விஷயம். காத்திருக்கிற பிள்ளையின் மனம் வேறு.

தோல்வி என்றால் நான்கு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடலாம். கிடைத்துவிட்டால் பெட்டியைக் கட்டலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது எதற்கும் கை வராது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மொபைலைப் பார்க்கிற பிள்ளை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் மொபைலை வைத்துக்கொள்கிற பிள்ளை, தொழுகையில் ஸலாம் கொடுத்த கையோடு மொபைலை எடுக்கிற பிள்ளை. இவர்களைத் திட்டுவதில் பயனில்லை. காலை 10 மணி, மாலை 6 மணி என்று இரண்டு நேரம் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெயிலின் 'ஸ்பேம்' பெட்டியையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அழைப்பு அங்கே போய் ஒளிந்துகொள்வதுண்டு. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும். மீதி நேரத்தில் ஒரு வேலை இருக்கட்டும்: பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன், சேரப்போகும் படிப்பின் முதல் செமஸ்டர் பாடம், ஒன்றும் இல்லாவிட்டால் அத்தாவின் கடையில் கணக்கு.

அம்மாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். 'என்னம்மா ஆச்சு?' என்று தினமும் கேட்காதீர்கள். தகவல் வந்தால் முதலில் உங்களிடம்தான் சொல்வாள். அதேபோல், பட்டியலில் பெயர் வந்த அன்றே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். போட்டால், நிக்காஹ் வீடு, அகீகா வீடு என்று எங்கே போனாலும் பிரியாணி தட்டோடு யாராவது வந்து கேட்பார்கள். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். பத்தாவது ஆளுக்குப் பதில் சொல்லும்போது பிள்ளை உள்ளே சுருங்கிவிடுகிறான்.

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மகன் வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் மாமா துபாயில் விசா பார்க்கிறார். மகள் இருந்தால் வரன் பார்க்கிறார்கள். வரன் பார்ப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல வரன் வந்தால் பேசுங்கள். ஆனால் அந்த ஆறு வாரத்துக்குள் அவசரமாக முடிவெடுத்துவிட்டு, பிறகு சீட் வந்ததும் 'மாப்பிள்ளை வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்' என்று நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். பட்டியல் மூடும் தேதி இணையதளத்தில் இருக்கிறது. அந்தத் தேதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இஸ்திகாரா தொழுதுவிட்டு, பிள்ளையிடமும் கேளுங்கள்.

நான் தவறவிட்டவை இரண்டு

நானே ஒரு காலத்தில் வெயிட்டிங் லிஸ்டில் நின்றவன். மத்ரஸாவில் நான்கு ஆண்டு ஓதிவிட்டுக் கல்லூரிக்குப் போனதால் மற்றவர்களை விட வயது கூடுதல். பி.ஏ. முடித்து, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ.வுக்கு விண்ணப்பித்தேன். பட்டியலில் ஏழாவது. 'ஓதிக்கொண்டிருந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு' என்று ஜமாஅத்தில் சிலர் பேசியது காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. வீட்டில்கூடச் சொல்லாமல், பெங்களூரில் சாச்சாவின் ஜவுளிக் கடைக்குப் போய்விட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது, மாடத்தில் சிக்கந்தர் விளக்குக்குப் பக்கத்தில் ஓர் அஞ்சல் உறை இருந்தது. வந்து சேருமாறு அழைப்பு. தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என்ன கடிதம் என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லியிருந்தால்தானே தெரியும்! எம்.ஏ.வை அஞ்சல் வழியில் பிறகு முடித்தேன்.

அது என்னோடு போயிற்று. இரண்டாவது அப்படியல்ல.

சென்ற ஆண்டு நம் ஊர்த் தங்கை ஒருவர் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓ.பி.சி. வெயிட்டிங் லிஸ்டில் 11ஆவதாக இருந்தார். அத்தா கறிக்கடையில் வேலை பார்ப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மெயில் வந்தது. ஞாயிறு மாலை 5 மணிக்குள் 18,400 ரூபாய் கட்ட வேண்டும். மஃரிப் முடிந்ததும் தகப்பனாரும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் என்ன சொன்னேன்? 'புதன்கிழமை கமிட்டி இருக்கிறது. சேர்க்கைக் கடிதத்தோடு விண்ணப்பம் கொடுங்கள், இன்ஷா அல்லாஹ் பாஸ் பண்ணிவிடலாம்' என்றேன். நம் விதி அதுதான்: சேர்ந்த பிறகே உதவி. பொருளாளருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நாங்கள் நான்கு பேர் ஆளுக்கு ஐயாயிரம் போட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. விதியைச் சொன்னேன், தேநீர் கொடுத்தேன், அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் இரண்டாம் சனிக்கிழமை, வங்கி இல்லை. அவர்கள் சொந்தக்காரர்களிடம் புரட்டிச் சேர்த்தது ஞாயிறு இரவு. திங்கள் காலை இணையதளத்தில் அந்தப் பக்கம் மூடியிருந்தது. சீட் 12ஆவது ஆளுக்குப் போய்விட்டது. புதன்கிழமை கமிட்டியில் நான் இதைச் சொன்னபோது யாரும் பேசவில்லை.

அந்தத் தங்கை இப்போது பி.எட். படிக்கிறார். மறுபடி தேர்வு எழுதச் சொல்லிப் பார்த்தேன். 'பார்க்கலாம் மாமா' என்றார். இதை எழுத அவரிடமும் அவர் அத்தாவிடமும் அனுமதி கேட்டேன். 'எழுதுங்க, அடுத்த பிள்ளைக்காவது ஆகும்' என்றார் அத்தா. என் மேல் அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி நம் அறக்கட்டளையில்

கமிட்டியில் இரண்டு கூட்டம் விவாதித்து விதியை மாற்றியிருக்கிறோம். வெயிட்டிங் லிஸ்டில் பெயர் வந்த மாணவர்கள் அப்போதே விண்ணப்பிக்கலாம். வீட்டு நிலையை விசாரித்து, 30,000 ரூபாய் வரை கர்ழ் ஹஸனாவாக, அதாவது வட்டியில்லாக் கடனாக, முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து வைத்துவிடுவோம். அழைப்பு வந்த நேரத்தில், அது வெள்ளி இரவானாலும் பெருநாளானாலும், தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் போனில் சம்மதித்தால் போதும். பணம் நேராகப் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போகும். அழைப்பு வராவிட்டால் ஒன்றும் இல்லை, ஒப்புதல் தானாக ரத்தாகும். உள்ளூர்க் கல்லூரியிலிருந்து கட்டணம் திரும்பி வந்தால் அதைக் கொண்டு கடனை அடைக்கலாம். மீதியைப் படிப்பு முடிந்த பிறகு தவணையில். இது பொது நிதியிலிருந்து கொடுப்பது. ஜகாத் நிதியை இதில் தொடவில்லை. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பழைய உதவி அப்படியே தொடரும்.

பணம் கட்டும் வழியையும் முன்னதாகவே சோதித்து வையுங்கள். யு.பி.ஐ.யில் சாதாரணமாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரைதான், சில வங்கிகளில் அதற்கும் குறைவு. நெட் பேங்கிங்கில் புதிய கணக்கைச் சேர்த்தால் முதல் நாளில் பெரிய தொகை அனுப்ப விடாத வங்கிகள் உண்டு. டெபிட் கார்டில் இணையப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம், நான்காம் சனி வங்கி விடுமுறை என்பதை நான் இனி மறக்க மாட்டேன்.

விண்ணப்பிக்க வேண்டியவை: பட்டியலில் பெயர் உள்ள பக்கத்தின் அச்சுப் பிரதி, கட்டண விவரம், மார்க் ஷீட் நகல், ஓ.பி.சி. சான்றிதழ் அல்லது அதற்கு விண்ணப்பித்த ரசீது, பெற்றோர் ஒருவரின் கையெழுத்து. அலுவலகம் அஸர் முதல் இஷா வரை திறந்திருக்கும். பெண் பிள்ளைகளின் விண்ணப்பத்தை வாங்க வியாழன்தோறும் மகளிர் பிரிவுச் சகோதரி ஒருவர் இருப்பார். இந்த ஆண்டு இதுவரை நான்கு பேர் கொடுத்திருக்கிறார்கள். முதலில் சொன்ன தகப்பனாரின் மகன் அதில் ஒருவர். அவருடைய எண் நேற்று 14இலிருந்து 9க்கு வந்திருக்கிறது.